பிரேக்கில் ஏர் எடுத்த ஞாயிற்றுக்கிழமை

அன்வர்,

உனக்கு ஸலாம். அம்மாதான் எழுதுகிறேன். கையில் ஃபோன் இருக்கிற இந்தக் காலத்தில் காகிதமும் பேனாவும் எதற்கு என்று நினைப்பாய். ஃபோனில் என்றால் நான் அழுதுவிடுவேன், இல்லாவிட்டால் வழக்கம்போல் உன்னையே திட்ட ஆரம்பித்துவிடுவேன். இரண்டும் வேண்டாம் என்றுதான் எழுத உட்கார்ந்தேன். எனக்கு மலையாளம் பேச வரும், கடைப் பலகை வாசிக்க வரும், எழுத வராது. உனக்குத் தமிழ் பேச வரும், எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும். அதுவும் நல்லதுதான். நீ இதை ஓடிக்கொண்டே வாசித்து முடிக்க முடியாது. உன் கல்யாணத்துக்கு இன்னும் பத்தொன்பது நாள் இருக்கிறது. வீடு முழுக்க ஆட்கள் வந்துவிட்டால் நான் உன்னிடம் தனியாகப் பேச முடியாது. அதற்கு முன்னால் அத்தாவின் கால் விஷயமாக உன்னிடம் ஒன்று சொல்லியாக வேண்டும். எனக்கு அது ஐந்து வருஷமாகத் தெரியும். உனக்குத் தெரியாது.

போன செவ்வாய்க்கிழமை, நம் வீட்டுக்கு மருமகளாக வரப்போகிற நஸ்ரின் கூப்பிட்டாள். புடவைக் கலரைப் பற்றித்தான் பேச்சு. பேசி முடித்துவிட்டு, "அம்மா, ஒண்ணு கேக்கட்டா? தப்பா நெனக்கக் கூடாது. கல்யாணம் முடிஞ்சதும் அந்தப் பச்சைக் கார நான் ஒரு தடவ ஓட்டட்டுமா?" என்றாள். ஓட்டு கண்ணு, அன்வர் பக்கத்தில் உட்காரட்டும் என்றேன். அதற்கு அவள் சொன்னாள்: "அவர் அதுல ஏற மாட்டாராம். எந்த வண்டியும் ஓட்ட மாட்டாராம். நிச்சயத்துக்கு முன்னாடியே எங்கிட்ட சொல்லிட்டார், 'எங்க அத்தாவோட கால் என்னாலதான் போச்சு, இது தெரிஞ்சிட்டு அப்புறம் சம்மதம் சொல்லு'ன்னு." அன்வர், நான் ஃபோனை வைத்துவிட்டு அடுப்பை அணைத்தேன். அன்றைக்குச் சோறு வைக்கவில்லை. அத்தா கடையிலிருந்து பரோட்டா வாங்கி வந்தார்.

அந்தக் கார் வந்த நாள் உனக்கு ஞாபகம் இருக்காது, உனக்கு அப்போது மூன்று வயது. அத்தா ஏலக்காய் வாங்க மலைக்குப் போனார். எஸ்டேட் மேனேஜர் ஒருவரின் ஷெட்டில் கோழி அடைந்துகிடந்த இந்த வண்டியைப் பார்த்து மயங்கி, ஏலக்காய் மூட்டையோடு இதையும் லாரியில் ஏற்றிக்கொண்டு மட்டாஞ்சேரிக்கு வந்து இறங்கினார். இங்கிலாந்தில் செய்தது, எனக்கும் மூத்தது, துணிக்கூரை, தரையோடு தரையாக உயரம். தெருவே கூடிவிட்டது. நான் எட்டிப் பார்த்து, "ஏனுங்க, மூணு பேர் இருக்கற வீட்டுக்கு ரெண்டு பேர் உக்கார்ற வண்டியா?" என்றேன். அவர் கொஞ்சமும் வெட்கப்படாமல், "மோன் சீட்டுக்குப் பின்னால இருந்துக்குவான், சாரமில்ல" என்றார். எது நடந்தாலும் பரவாயில்லை என்பதற்கு அவருக்கு அந்த ஒரு வார்த்தைதான். அப்படியே ஆயிற்று. உனக்குக் கால் நீளும் வரைக்கும் நீ எங்கள் இரண்டு பேர் தலைக்கும் நடுவில் தலையை நீட்டிக்கொண்டுதான் கொச்சி முழுக்கச் சுற்றினாய். திருப்பூணித்துறைக்குப் போகும் வழியில் மழை பிடித்து, கூரையை இழுத்து மூடத் தெரியாமல் மூன்று பேரும் குளித்துக்கொண்டே போனோம். பஸ்ஸில் இருந்தவர்கள் ஜன்னல் வழியாகக் கையாட்டினார்கள். நீ பதிலுக்கு ராஜா மாதிரி கையாட்டினாய்.

அத்தாவுக்கு ஓட்டத்தான் தெரியும். பழுது பார்ப்பது நான். என் அத்தா பொள்ளாச்சியில் லாரி ஒர்க்‌ஷாப் வைத்திருந்தவர், பள்ளிக்கூடம் விட்டால் நான் அங்கேதான் கிடப்பேன். பன்னிரண்டு வயதில் லாரியின் பிரேக் டிரம்மைத் தனியாகக் கழற்றி மாட்டினேன் என்று உனக்கு ஆயிரம் தடவை சொல்லியிருப்பேன். கல்யாணமாகி இங்கே வந்தபோது உன் அத்தாவின் வீட்டு ஆட்கள், 'தமிழ்நாட்டுக்காரி, ஸ்பானர் பிடிக்கிற பெண்ணாம்' என்று வாயைப் பொத்திச் சிரித்தார்கள். கார் வந்தபின் அதே ஆட்கள், 'அவளிடம் கேள், அவளுக்குத் தெரியாத வண்டியே இல்லை' என்றார்கள். அன்வர், அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் நான் மட்டாஞ்சேரியில் தலை நிமிர்ந்து நடந்தேன். அது எனக்கு எவ்வளவு பெரியது என்று நீ தெரிந்துகொண்டால்தான் மேலே சொல்லப்போவது புரியும்.

நம் சுக்குக் கோடௌனில் நாம் பிரேக்குக்கு ஏர் எடுத்த ஞாயிற்றுக்கிழமைகளை நான் இன்னமும் நினைத்துக்கொள்கிறேன். இந்த ஊர் உப்புக் காற்றுக்கு வருஷத்துக்கு ஒரு தடவையாவது பிரேக்கைப் பிரித்துச் சுத்தம் செய்தாக வேண்டும். பிரித்தால் குழாயில் காற்று புகுந்துவிடும், அதை வெளியே எடுக்காவிட்டால் பெடல் பஞ்சு மாதிரி அமுங்கும். ஒரு ஆளால் ஆகிற வேலை இல்லை அது. நீ சீட்டில் உட்கார்ந்து பெடலில் கால் வைப்பாய். நான் சக்கரத்தடியில் சாக்கை விரித்துப் படுத்து, அங்கே இருக்கிற சின்னத் திருகில் பிளாஸ்டிக் டியூபைச் செருகி, மறுமுனையை ஹார்லிக்ஸ் பாட்டிலில் விடுவேன். "அழுத்து" என்பேன். நீ "சவிட்டி" என்பாய். நான் திருகைத் திறப்பேன், ஆயிலும் குமிழியும் டியூபில் ஓடி வரும், திருகை மூடிவிட்டு "விடு" என்பேன். நீ "விட்டு" என்பாய். நான் மூடும் முன் நீ காலை எடுத்துவிட்டால் வெளிக்காற்றைக் குழாய் உள்ளே இழுத்துக்கொள்ளும், மறுபடி முதலிலிருந்து. நான் தமிழில் கேட்க நீ மலையாளத்தில் பதில் சொல்ல, மூட்டைமேல் உட்கார்ந்து அத்தா சாயா குடித்துக்கொண்டே, "ரெண்டு ஸ்டேட்டும் சேர்ந்து என் வண்டிய ஓட்டுது" என்று சிரிப்பார். சுக்கு வாசனையில் எனக்குத் தும்மல் வரும். ஒவ்வொரு தும்மலுக்கும் நீ "சவிட்டி" என்று கத்துவாய். அப்படிச் சிரித்து நான் எத்தனை ஆயிலைக் கொட்டியிருக்கிறேன்!

இப்போது அந்தக் கடைசி ஞாயிறு. உனக்குப் பதினெட்டு வயது, பாலிடெக்னிக் லீவில் வந்திருந்தாய். வைப்பின் தீவில் அத்தாவின் தங்கை வீட்டில் மத்தியானம் விருந்து. முன்சக்கரம் இரண்டிலும் காலிப்பர் இறுகிக் கிடந்தது. சக்கரத்தோடு சுற்றுகிற இரும்புத் தட்டை இரண்டு பக்கமும் கவ்விப் பிடிக்கிற கட்டி அது. இரண்டையும் முந்தின நாளே கழற்றிச் சுத்தம் செய்து, புது ரப்பர் போட்டு, ஒரே சாக்கில் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தேன். உண்மையைச் சொல்கிறேன். லாரியில் எல்லாம் டிரம் பிரேக். காலிப்பரை நான் முழுசாகக் கழற்றியது அதுதான் முதல் தடவை. நீ அந்த எஸ்டேட் மேனேஜர் கொடுத்த இங்கிலீஷ் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "அம்மா, புக்ல படம் இருக்கு, பாத்துட்டுப் போடலாமா?" என்று கேட்டாய். நான் என்ன சொன்னேன் என்று உனக்கு மறந்திருக்காது. "புக்கு பாத்து பிரேக் மாட்டறவ நான் இல்லடா" என்றேன். நீ புத்தகத்தை மூடி மூட்டைமேல் வைத்தாய்.

ஏர் எடுக்க ஆரம்பித்தோம். இரண்டாவது சுற்றில் வாசலில் உன் சிநேகிதன் வந்து கூப்பிட்டான். திரும்பிப் பார்த்த நீ காலை எடுத்துவிட்டாய். அடுத்த நொடியே நீயாகச் சொன்னாய்: "அம்மா, தெரியாம கால எடுத்துட்டேன்." நான் திட்டினேன். திட்டிவிட்டு முதலிலிருந்து எடுத்தோம். அதற்குப் பிறகு மூன்று சுற்று முழுசாக எடுத்தோம், ஒரு குமிழி வரவில்லை. நீ ஒரு தடவையும் தப்பு செய்யவில்லை. ஆனால் பெடல் மட்டும் முதல் அழுத்தில் பாதிவரை போயிற்று. இரண்டாவது அழுத்தில் நின்றது. எனக்கு அது பிடிக்கவில்லை. ஏதோ சரியில்லை என்று என் கைக்குத் தெரிந்தது. ஆனால் அத்தா வெள்ளைச் சட்டை போட்டுத் தயாராக நிற்கிறார், வைப்பினிலிருந்து இரண்டு ஃபோன் வந்தாயிற்று, 'அவளுக்குத் தெரியாத வண்டியே இல்லை' என்கிற பட்டம் வேறு தலையில். "பழைய வண்டிங்க, இப்படித்தான் இருக்கும், ரெண்டு தடவ அழுத்துங்க" என்று சாவியைக் கொடுத்தேன். நாம் இருவரும் பின்னால் ஆட்டோவில் வருவதாகச் சொன்னோம்.

மிச்சம் உனக்கே தெரியும். ஃபோர்ட் கொச்சி ஜெட்டியில் வண்டிகளை அக்கரைக்கு ஏற்றிப் போகும் ஜங்கார் படகுக்கு இறங்குகிற சரிவு. முன்னால் போன ஆட்டோ சட்டென்று நின்றது. இரண்டு தடவை அழுத்த நேரம் ஏது? ஒரு தடவைக்குத்தான் இருந்தது, அதில் பெடல் தரையைத் தொட்டுவிட்டது. ஆட்டோவில் குழந்தைகள் இருந்தார்கள் என்று அத்தா ஹேண்ட்பிரேக்கை இழுத்துக்கொண்டே இரும்புத் தூணில் கொண்டுபோய் மோதினார். முட்டி நொறுங்கியது. யாருக்கும் வேறு ஒன்றும் ஆகவில்லை, அல்ஹம்துலில்லாஹ். ஆஸ்பத்திரி வராந்தாவில் உன் மாமிகள், சித்தப்பாக்கள், வைப்பின்காரர்கள் என்று இருபது பேர் இருந்தார்கள். உன் பெரியப்பா என்னைப் பார்த்து, "பிரேக் நீதானே நன்னாக்கின? எப்படிப் போச்சு?" என்றார். இருபது முகமும் என் பக்கம் திரும்பியது. நான் உன்னைக் கை காட்டினேன். "இவன்தான் நடுவுல பெடல்லேர்ந்து கால எடுத்துட்டான்" என்றேன்.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நான் கூடத்தைச் சொல்லியிருந்தாலாவது பரவாயில்லை. பெற்ற பிள்ளையைச் சொன்னேன். அதுவும் எதை வைத்து? நீயாக வந்து ஒளிக்காமல் சொன்ன உண்மையை வைத்து. அதன் பிறகு எத்தனை சுற்று எடுத்தோம் என்று நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை, நீயும் சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொண்டு நின்றாய். அன்றைக்கு நான் வேண்டுமென்று பொய் சொல்லவில்லை, அதுதான் காரணம் என்று நம்பினேன், இல்லை, நம்ப விரும்பினேன். அத்தாவுக்கு முட்டி மடங்காமல் போயிற்று. பள்ளிவாசலில் எல்லாரும் நெற்றியைத் தரையில் வைத்து ஸுஜூது செய்யும்போது அவர் மட்டும் பின்வரிசையில் நாற்காலியில் உட்கார்ந்து தொழுகிறார். லீவில் நீ வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்கு வந்தால் அவர் பக்கத்தில் நிற்காமல் வேறு மூலைக்குப் போவதாக அவரே என்னிடம் சொல்லி வருத்தப்பட்டிருக்கிறார். ஒவ்வொரு பெருநாளுக்கும் யாராவது ஒருத்தர், "அன்வரே, கால எடுத்துராதே" என்று கேலி செய்வார்கள். எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன்.

ஐந்து வருஷத்துக்கு முன்னால் அத்தாவுக்கு அந்த வண்டியின் சத்தம் கேட்க வேண்டும் என்று ஆசை வந்தது. நீ அப்போது பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாய். முன்பக்கத் தகரம் நசுங்கியதைத் தட்டிக் கொடுத்திருந்தார்களே தவிர, பிரேக்கை யாரும் தொடவில்லை. நான் முன்சக்கரத்தைக் கழற்றினேன். ஏர் எடுக்கிற திருகு காலிப்பரின் அடியில் இருந்தது. அடுத்த சக்கரத்திலும் அடியில். முன்பெல்லாம் மேலே இருந்த ஞாபகம், அன்றைக்கு அவசரத்தில் நான் கவனிக்கவே இல்லை. அந்தப் புத்தகத்தைத் தேடி எடுத்தேன். எனக்கு இங்கிலீஷ் வாசிக்க வராது, ஆனால் படம் படம்தானே. படத்தில் திருகு மேலே இருந்தது. இடது சக்கரத்துக் கட்டியை வலதிலும், வலதை இடதிலும் மாட்டியிருக்கிறேன். மாற்றினாலும் கச்சிதமாகப் பொருந்துகிறது, அதுதான் கொடுமை. காற்று எப்போதும் மேலேதான் போய் நிற்கும், திருகு அடியில் இருந்தால் ஆயில் வரும், காற்று வராது. நீ ஒரு நாள் முழுக்க அழுத்தியிருந்தாலும் அது வந்திருக்காது. உலகத்திலேயே நல்ல பிள்ளையை அந்தப் பெடலில் உட்கார வைத்திருந்தாலும் வந்திருக்காது.

அப்போதே உன்னைக் கூப்பிட்டிருக்க வேண்டும். கூப்பிடவில்லை. ஒரு மணி நேரத்தில் இரண்டையும் மாற்றி மாட்டினேன். ஏர் எடுக்கப் பெடலில் ஆள் வேண்டும். அத்தா அந்த மடங்காத காலை இரண்டு கையாலும் தூக்கி உள்ளே வைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்திக் கொடுத்தார். முடிந்ததும், "இதென்ன, இப்ப கல்லு மாதிரி நிக்குது?" என்று ஆச்சரியப்பட்டார். "புது ஆயிலுங்க" என்றேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதற்கு எனக்கு அந்த ஒரு வார்த்தை போதுமானதாக இருந்தது. நீ லீவில் வந்தபோதெல்லாம் சொல்லிவிடலாம் என்று நினைப்பேன். உனக்குப் பிடித்த கப்பக்கிழங்கும் மீனும் செய்து வைப்பேன், நீ சாப்பிடுவாய், நான் சொல்ல மாட்டேன். அவன் மறந்திருப்பான், பழைய கதை எதற்கு என்று என்னை நானே தட்டிக்கொடுத்துக்கொள்வேன். நீ வண்டி ஓட்டுவதில்லை என்பது எனக்குத் தெரியும். பெங்களூர் டிராஃபிக்கில் யார்தான் ஓட்டுவார்கள் என்று அதற்கும் ஒரு சாக்கு வைத்திருந்தேன்.

கல்யாணம் ஆகப்போகிற பிள்ளைக்குத் தாய் புத்தி சொல்வது வழக்கம். எனக்கு அந்தத் தகுதி இப்போது இல்லை, இருந்தாலும் ஒன்று சொல்கிறேன். நஸ்ரினுக்குத் தெரிந்த ஒரு விஷயம் உனக்குத் தெரியாமல் இருந்தால் தெரியாது என்று சொல்லிவிடு. அவள் உன்னைக் கேவலமாக நினைக்க மாட்டாள். நான் கெட்டிக்காரி என்ற பெயரைக் காப்பாற்றக் கெட்டிக்காரத்தனத்தையெல்லாம் செலவு செய்தேன், மிச்சம் எதுவும் இல்லை. அவளோ உன் வாயிலிருந்து அத்தனை பெரிய தப்பைக் கேட்டபிறகும் உன்னைக் கட்டிக்கொள்கிறேன் என்றவள். அந்தத் தப்பு உன்னுடையது இல்லை என்று தெரிந்தால் என்ன செய்வாளோ, என்னைத்தான் சும்மா விடமாட்டாள் என்று நினைக்கிறேன். விட வேண்டாம். நிக்காஹுக்கு முந்தின நாள் மருதாணிக்கு எல்லாரும் வருவார்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் இருந்த அதே ஆட்கள். அவர்கள் முன்னால் நானே எழுந்து நின்று சொல்லப் போகிறேன். நீ வெட்கப்பட்டு என் கையைப் பிடித்து இழுக்காதே.

புதன்கிழமை காலையில் அத்தாவிடம் சொன்னேன். திருகு, புத்தகம், புது ஆயில் எல்லாம். 'சாரமில்ல' என்பார் என்று எதிர்பார்த்தேன். முப்பத்தொரு வருஷத்தில் நான் சட்டியை உடைத்தாலும் மண்டையை உடைத்தாலும் அவர் சொல்கிற வார்த்தை அதுதான். சொல்லவில்லை. எழுந்து கடைக்குப் போனார். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை, வீட்டில் சாப்பிடவும் இல்லை. நேற்று ஜும்மா முடிந்து வந்து, நான் போட்ட சாயாவை வாங்கிக் குடித்துவிட்டுச் சொன்னார்: "என் காலுக்கு நான் எப்பவோ மாப்பு கொடுத்தாச்சு. கையில பணி செய்யிறவளுக்குத் தப்பு வரும். ஆனா பதினொரு வருஷம் அவன் அதத் தலையில சுமந்தானே, அஞ்சு வருஷம் நீ பாத்துட்டே இருந்தியே, அதுக்கு மாப்பு கொடுக்க நான் ஆளில்ல. அது அவன்கிட்ட கேளு."

அன்வர், அன்றைக்குக் கடைசி மூன்று சுற்றிலும் உன் கால் பெடலில்தான் இருந்தது. தப்பாக மாட்டியது என் கை, உன்மேல் பழி போட்டது என் நாக்கு, தெரிந்த பிறகும் வாயை மூடிக்கொண்டு இருந்தது நான். அத்தாவின் காலுக்கும் உனக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. உன்னிடம் மாப்பு கேட்கிறேன். உடனே கொடுத்துவிடாதே. உன்னை எனக்குத் தெரியும், 'சாரமில்லம்மா' என்று ஒரு மெசேஜ் அனுப்பிவிட்டு உன் வேலையைப் பார்க்கப் போய்விடுவாய். முதலில் என்மேல் கோபப்படு. பதினொரு வருஷத்துக் கோபத்தையும் படு. அப்புறம் வந்து கொடு.

உன் அம்மா